கட்டிப்போட்ட முள்

மத்தியானம் மூன்று மணி. பெய்யலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்த மழை ஒருவழியாகப் பெய்யத் தொடங்கியபோது, அந்தச் சாம்பல் நிற டீசல் கார் எங்கள் ஷெட்டுக்குள் வந்து இரண்டாம் வார்டில் நின்றது.

வார்டு என்றதும் ஆஸ்பத்திரி என்று நினைத்துவிட வேண்டாம். என் அக்கா புருஷனின் மெக்கானிக் ஷெட்தான். ஆனால் மெக்கானிக் என்று யாராவது சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும். வாசலில் 'டீசல் இன்ஜின் மருத்துவமனை' என்று பலகை. வண்டி நிற்கும் இடங்களெல்லாம் வார்டு. இறங்கி நின்று வேலை பார்க்கும் குழிக்குப் பெயர் ஐ.சி.யூ. உலகத்தில் உள்ள மெக்கானிக்கெல்லாம் நீளமான ஸ்க்ரூடிரைவரை இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துச் சத்தம் கேட்பார்கள். மாமா நிஜ ஸ்டெதஸ்கோப் ஒன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். வெள்ளைக் கோட்டும் உண்டு. பத்து மணி வரைக்கும் அது வெள்ளையாகவே இருக்கும். ஊரே அவரை டாக்டர் என்றது. பாதிப் பேர் மரியாதையாக, பாதிப் பேர் வேறு மாதிரியாக.

நான் அங்கே எலக்ட்ரீஷியன். ஒயர், பல்பு, மீட்டர் எல்லாம் என் பொறுப்பு.

அடுத்த தெருவில் இன்னொரு ஷெட் இருந்தது. அதற்குப் பலகையே கிடையாது. நடத்தியவரைக் கைராசிக்காரர் என்பார்கள். ஓடுகிற இன்ஜினின் பானெட்டை மூடி, மேலே வலது உள்ளங்கையை வைப்பார். அரை நிமிஷம். "வாட்டர் பம்ப்" என்பார். அல்லது, "ஒண்ணுமில்ல, எடுத்துட்டுப் போ" என்பார். தப்பியதே இல்லை. அந்தக் கையின் மோதிர விரல் நுனியை ஏதோ ஒரு ஃபேன் பெல்ட் இளவயதிலேயே சாப்பிட்டிருந்தது. மிச்சமிருந்த நாலரை விரலுக்குத்தான் அவ்வளவு மரியாதை. சொத்தைப் பல்லைப் பிடுங்கப் பயந்து, எப்போதும் கன்னத்தில் ஒரு கிராம்பை அடக்கியிருப்பார். அவர் வந்துபோன இடத்தில் டீசல் வாசனைக்கு மேலே கிராம்பு வாசனை ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும்.

அவரை நினைத்தாலே மாமாவுக்கு வயிறு எரியும். ஒருநாள் அக்கா சோறு போட்டுக்கொண்டே, "கைன்னா அது கை" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மாமா மூன்று நாள் வீட்டில் சாப்பிடவில்லை. நாலாம் நாள் ஸ்டெதஸ்கோப் வந்தது.

அந்தக் கைராசிக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. மலைப்பாதையில் ஏறும்போது இன்ஜின் கொதித்துவிட்டது. இறங்கிப் பானெட்டைத் திறந்தார். ரேடியேட்டர் ஹோஸ் முகத்துக்கு நேரே வெடித்தது. துடித்துப் பின்வாங்கினார். பின்னால் சாலை முடிந்துபோயிருந்தது.

மாமா மாலையோடு போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்தார். வந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு சொன்னார்: "மீட்டர் முள்ளப் பாத்து ஓட்டணும். கைய வச்சுப் பாக்கறேன்னா இப்படித்தான் ஆகும்." அன்றிலிருந்து வருகிற ஒவ்வொரு கஸ்டமருக்கும் இதே பாடம். ஆனாலும் ஆட்கள் வேலை முடிந்து கிளம்பும்போது, "அவர் இருந்தா ஒரு தடவை கைய வச்சுப் பாத்திருப்பார்" என்று பெருமூச்சு விட்டுப் போனார்கள். செத்தவனோடு போட்டி போடுவதில் இதுதான் சங்கடம். அவன் இனிமேல் தப்பே செய்ய மாட்டான்.

காரிலிருந்து இறங்கியவர் அந்தக் கைராசிக்காரரின் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வந்தது அவர் கடைசியாக மலைக்கு ஏறிப்போன அதே கார்.

"டெம்பரேச்சர் முள் ஆடுதுண்ணா," என்றார் மாமாவிடம்.

"எப்பலேர்ந்து?"

"மலைலேர்ந்து வண்டி திரும்பி வந்ததுலேர்ந்து. இன்ஜின அங்கேயே சரி பண்ணிட்டாங்க. கேஸ்கட், பம்ப் எல்லாம் புதுசு. முள்ளு மட்டும் திடீர்னு சிவப்புக்குப் போகுது. நிறுத்தி இறங்கிப் பாத்தா ஒரு சூடும் இல்ல. ஸ்கூலுக்கு இந்தத் தெரு வழியாத்தான் போறேன். உங்க வாசல் வந்தாத்தான் ரொம்ப ஏறுது."

"நோயாளிக்கு ஆஸ்பத்திரி வாசல் தெரியுது டீச்சர்," என்று மாமா தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு வருஷமாக அடக்கிவைத்திருந்த ஏப்பம் போல அது வெளியே வந்தது. "மாப்ள, உனக்குத் தெரியாது. போன வருஷம் இந்த வண்டி நம்மகிட்டதான் வந்துச்சு. அன்னைக்கு நீ லீவு. இதே முள்ளு கம்ப்ளெயின்ட்தான். நான்தான் சரி பண்ணிக் குடுத்தேன்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "அவர் பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தப்புறமும் நான் சொல்லல. என்னை எவனாவது திரும்பிப் பாத்தாக்கூட சிரிச்சுக்குவார் தம்பி, வண்டிய இன்னொருத்தர் தொட்டா மூஞ்சி சிவந்துடும். அவ்வளவு பொறாமை."

மழை தகரத்தில் அடித்தது. மருத்துவமனையின் கூரை இரண்டாம் வார்டுக்கு மேலேதான் ஒழுகும். பானெட்டில் சொட்டுச்சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"முள்ளு ஆடுறது எனக்குப் பெரிசு இல்லண்ணா," என்றார் டீச்சர். குரல் தாழ்ந்துவிட்டது. "அன்னைக்கு மலை ஏறும்போது எதிர்வெயில். அவருக்கு மீட்டர் தெரியல. 'முள்ளு எங்க நிக்குது பாரு'ன்னார். எட்டிப் பாத்து, நடுவுலன்னு சொன்னேன். கொஞ்ச தூரம் போய் மறுபடி கேட்டார். நடுவுலன்னுதான் சொன்னேன். முப்பது வருஷமா பிள்ளைங்களுக்கு அளவு பாக்கச் சொல்லிக் குடுக்கிறவ நான். அன்னைக்கு நான் தப்பாப் பாத்தேனா, இல்ல மீட்டர்தான் பொய் சொல்லுச்சா? அது ஒண்ணு எனக்குத் தெரியணும்."

மாமா ஸ்டெதஸ்கோப்பைச் சரிசெய்துகொண்டார்.

"பதட்டத்துல பாத்திருப்பீங்க டீச்சர். உள்ள போய் உக்காருங்க. நான் பாத்துச் சொல்றேன்."

டீச்சர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த ஆபீஸ் அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி.

வேலையை ஆரம்பித்தோம். நான் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். முள் மெதுவாக ஏறி நடுவில் வந்து நின்றது. சாது. மாமா பானெட்டைத் தூக்கினார். முள் சிவப்புக்குப் போனது.

"ஏறிடுச்சு மாமா."

கூலன்ட் நிரம்பியிருந்தது. காற்றுக் குமிழி இல்லை. வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தால் இன்ஜினில் வெதுவெதுப்புகூட இன்னும் சரியாக வரவில்லை. மாமா போன் பேச வாசலுக்குப் போனார். முள் இறங்கியது. திரும்பி வந்தார். ஏறியது.

"உங்களக் கண்டாலே இதுக்குக் காய்ச்சல் வருது மாமா."

"வாய மூடிட்டு சென்சாரக் கழட்டு."

சென்சாரைக் கழற்றி, வெந்நீரில் போட்டு அளந்தேன். மாப்பிள்ளை மாதிரி ஒழுங்காக இருந்தது. புதுசு ஒன்றைப் போட்டோம். அதே ஆட்டம். எர்த்து ஒயரைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினேன். அதே ஆட்டம். கடைசியில் சென்சார் ஒயரையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். ஒயர் அறுந்தால் முள் கீழே படுக்க வேண்டும். படுக்கவில்லை. ஒயர் நுனியை இரும்பில் தொட்டேன். தொட்டால் முள் உச்சிக்குப் பாய வேண்டும். அது என்னைச் சட்டையே செய்யவில்லை. மாமா ஓரடி எடுத்து வைத்ததும்தான் ஏறியது.

எனக்கு ஒன்று புரிந்தது. இந்த ஒயருக்கும் அந்த முள்ளுக்கும் சம்பந்தமே இல்லை. நடுவில் யாரோ உறவை வெட்டியிருக்கிறார்கள்.

"மாமா, மீட்டர் போர்ட அவுத்துப் பாக்கணும்."

"அது ஒண்ணும் வேண்டாம்."

"இல்ல மாமா, கோளாறு அங்கதான்..."

"மீட்டரத் தொடாதன்னு சொல்றேன்ல. யார் இங்க டாக்டர்?"

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வெளியில் சொல்ல மாட்டோம். ஒரு முள் காரணம் தெரியாமல் ஆடினால், காரணத்தைக் கண்டுபிடிக்கத் துப்பில்லாவிட்டால், முள்ளைக் கட்டிப்போட்டுவிடுவோம். மீட்டருக்குப் பின்னால் சென்சார் வரும் வழியை வெட்டிவிட்டு, சின்னதாக ஒரு ரெசிஸ்டரை ஈயம் வைத்து ஒட்டிவிட்டால் போதும். சாவியைத் திருப்பியதும் முள் பாதி தூரம் ஏறி நிற்கும். அதற்கப்புறம் இன்ஜின் பற்றியே எரிந்தாலும் நகராது. கஸ்டமருக்கு நிம்மதி. நமக்குப் பேர்.

ஆனால் கட்டிய முள் ஆடாது. ஆடவே முடியாது.

கரண்ட் போனது. ஷெட்டுக்குள் மழை வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. குழிக்குள் இருட்டு தண்ணீர் மாதிரி நிரம்பி நின்றது. மாமா பானெட்டை மூடிவிட்டு, டீச்சருக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போனார். நான் பானெட்டை மறுபடி தூக்கி, பேட்டரி ஒயர் இரண்டையும் கழற்றிவிட்டு மூடினேன். நாலு ஸ்க்ரூ. மீட்டர் போர்டை உருவி மடியில் வைத்துக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில் பின்பக்கத்தைத் திருப்பினேன்.

ரெசிஸ்டர் இருந்தது. கட்டியிருந்தார்கள்.

அதன்மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி உறை. சைக்கிள் வால்வு டியூபை அறுத்து மாட்டிய உறை. இந்த ஊரில் ஈயம் வைத்த இடத்தில் வால்வு டியூப் மாட்டுகிறவன் ஒருத்தன்தான்.

நான்தான்.

போன வருஷம், லீவு முடிந்து வந்த ஒரு காலை, என் மேசையில் மூன்று மீட்டர் கிடந்தன. "மாப்ள, ஓரத்துல இருக்கறதக் கட்டிடு" என்றார் மாமா. யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மச்சான், கேட்காவிட்டால் எலக்ட்ரீஷியன். அன்றைக்கே அந்த கேஸ்கட் கசிய ஆரம்பித்திருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் முள் ஆடியிருக்கிறது. மாமாவுக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. 'தெரியல' என்று சொல்லி, கைராசிக்காரர் வீட்டுக்கு வண்டியை அனுப்ப அவர் வயிறு இடம் கொடுக்கவில்லை.

டீச்சர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

கிராம்பு வாசனை வந்தது.

முதலில் மழைக்காற்றில் எங்கிருந்தோ வருகிறது என்று நினைத்தேன். பிறகு, அது காருக்குள்தான் இருக்கிறது என்று தெரிந்தது. என் தோளுக்குப் பக்கத்தில். யாரோ எட்டி, என் மடியில் இருப்பதைப் பார்ப்பதுபோல.

நான் திரும்பவில்லை.

கண்ணாடி வழியே பானெட்டைப் பார்த்தேன். கூரை ஒழுகி ஒழுகி அது முழுக்க நனைந்திருந்தது. நனைந்த தகட்டின் நடுவில் ஒரு இடம் மட்டும் காய்ந்துகொண்டு வந்தது. மெதுவாக. ஓரம் ஓரமாக. ஐந்து விரலோடு ஒரு உள்ளங்கை.

மோதிர விரல் குட்டை.

மாமா மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார். பானெட் பக்கம் நின்றார். அவரும் பார்த்துவிட்டார். பயப்படுவார் என்று நினைத்தேன். மனுஷனின் பொறாமை பயத்தைவிடக் கெட்டியானது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவர் முகத்தில் வந்தது பயம் இல்லை. அக்கா "கைன்னா அது கை" என்றபோது வந்த அதே முகம்.

"செத்தும் விடலயாடா நீ," என்றார், சின்னக் குரலில். "கை. பெரிய கை."

கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். தன் வலது உள்ளங்கையை விரித்து, அந்தக் காய்ந்த இடத்தின்மேல், விரலுக்கு விரல் பொருந்தும்படி வைத்தார். யார் கை பெரிசு என்று அளப்பதுபோல.

என் மடியில் ஏதோ அசைந்தது.

பேட்டரி இல்லை. ஒயர் இல்லை. மடியில் கிடந்த அந்த மீட்டரில், நான் கட்டிய முள் கீழ்க்கோட்டிலிருந்து எழுந்தது.

நடுவைத் தாண்டியது.

"மாமா, கைய எடுங்க."

"என்னடா, இன்ஜின் ஜில்லுனு இருக்கு..."

"கைய எடுங்க மாமா."

எடுக்கப் பார்த்தார். தோள் அசைந்தது, முழங்கை அசைந்தது, கை வரவில்லை. மேலேயிருந்து இன்னொரு கை அழுத்திப் பிடித்திருப்பதுபோல. ஒழுகிய சொட்டு ஒன்று அவர் புறங்கையில் விழுந்து, சுர்ரென்று ஆவியானது. அவர் கத்தவில்லை. வாய் மட்டும் திறந்தது.

"சொல்லிடுங்க மாமா," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

"நான்தான் கட்டினேன்," என்றார் மாமா. யாரிடம் சொன்னார் என்றும் தெரியாது. "எனக்குத் தெரியல. என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியல."

கை விடுபட்டது.

ஆபீஸ் வாசலில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். கையில் மெழுகுவர்த்தி. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. நான் மீட்டரோடு இறங்கிப் போனேன். பின்பக்கத்தைக் காட்டினேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். கட்டுவது என்றால் என்ன, கட்டினால் முள் எங்கே நிற்கும், மலையில் என்ன நடந்திருக்கும்.

"அப்ப நடுவுலதான் நின்னுருக்கு," என்றார்.

"ஆமா டீச்சர்."

"நான் சரியாத்தான் பாத்திருக்கேன்."

"ஆமா டீச்சர்."

அவர் மாமாவைத் திட்டவில்லை. அடிக்கவில்லை. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். பிறகு, ஆறு மாசமாக அழாத ஒருத்தர் எப்படி அழுவாரோ அப்படி அழுதார். முடித்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இத யார் ஒட்டினது தம்பி?"

மாமா சுவரில் சாய்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தார். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். இங்கே பழி போக ஏற்கெனவே ஒரு இடம் தயாராக இருந்தது. நான் மாமாவைக் கண்ணால் காட்டினேன்.

டீச்சர் தலையசைத்தார். "புதுசு போட்டுக் குடுங்க. இது எனக்கு வேண்டாம்."

புது மீட்டர் போட்டேன். முள் நடுவில் நின்றது. மாமா பக்கத்தில் போயும் நடுவிலேயே நின்றது. டீச்சர் மழையிலேயே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாமாவின் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். மோதிர விரல் நுனியில் மட்டும் ஒன்றுமில்லை. அங்கே மட்டும் தோல் பிள்ளைத்தோல் மாதிரி இருந்தது. அக்கா மருந்து போட்டுக்கொண்டே எப்படி ஆச்சு என்று கேட்டாள். பேட்டரி ஷார்ட் என்றார். பேட்டரியை நான்தான் கழற்றி வைத்திருந்தேன் என்பதை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது அவர் கோட்டுப் போடுவதில்லை. பலகையையும் இறக்கிவிட்டார். ஏதாவது வண்டி புரியாவிட்டால், "எனக்குத் தெரியல, வேற இடத்துல காட்டுங்க" என்கிறார். ஆச்சரியம் என்னவென்றால், அதற்கப்புறம்தான் கூட்டம் வருகிறது.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்தப் பழைய மீட்டரை என் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். தூக்கிப் போட மனசு வரவில்லை. ஒயர் எதுவும் இல்லாமல், முதுகில் மஞ்சள் உறையோடு சும்மா கிடக்கிறது. முதல் வாரம் முள் கீழே படுத்திருந்தது. அப்புறம் தெரிந்தவர் ஒருத்தர் கேட்டார், உங்க மாமாவுக்கும் டீச்சருக்கும் என்ன தகராறு என்று. "மாமா ஒரு முள்ளக் கட்டிட்டார்" என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முள் ஒரு கோடு ஏறியிருந்தது.

அடுத்த வாரம் இன்னொருத்தரிடம் சொன்னேன். இன்னொரு கோடு.

இப்போது சிவப்பில் நிற்கிறது. கண்ணாடியைத் தொட்டால் சுடுகிறது.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஈயம் வைத்தது நான், உறை மாட்டியது நான், யாருடையது என்று கேட்காமல் இருந்தது நான் என்று ஒன்று விடாமல் எழுதிவிட்டேன். எழுதி முடித்து நிமிர்ந்து பார்த்தேன். முள் இறங்கவில்லை. உங்களிடம் சொல்வதில் கைராசிக்காரருக்கு அக்கறை இல்லை போலிருக்கிறது. கேட்டது நீங்கள் இல்லையே.

அறையில் கிராம்பு வாசனை.

பள்ளிக்கூடம் விட இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. டீச்சர் கேட் பக்கமாகத்தான் வெளியே வருவார்.

ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தேன்.

முள் ஒரு கோடு இறங்கியது. ஒரே ஒரு கோடு.